தின்னர் மணம் நின்றால் ஆபத்தும் நின்றதா?

பெயின்ற் கரைக்கிற தின்னரைப் பற்றி மேலே ஒரு தம்பி, "பத்து நிமிடத்தில் தின்னர் மணம் தெரியாமல் போய்விடும், உடம்பு பழகிவிட்டது, இனிப் பாதிப்பில்லை" என்று எழுதியிருக்கிறார். களைத்துப்போவது மூக்கு மட்டும்தான் தம்பி. தின்னர் ஆவி, பெயின்ற் அடிக்கிற கொட்டிலுக்குள் அப்படியே நிற்கும், மூச்சோடு இரத்தத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். தலையிடி, தலைச்சுற்று அதனால்தான். வருடக்கணக்கில் தொடர்ந்தால் ஞாபகசக்தியையும் பாதிக்கலாம்.

திருகோணமலையில் கொட்பேப் பக்கம் படகுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். வெளியே வந்து கடற்காற்றில் கால் மணிநேரம் நின்றுவிட்டுத் திரும்பப் போங்கள். "போய்விட்ட" மணம் வாசலிலேயே முகத்தில் அடிக்கும்.

எழுத்தில் வேண்டுமென்றால், விற்பவரிடம் அந்தத் தின்னரின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள். 8ஆம் பகுதியில் ரொலுயீன் போன்ற கரைப்பான்கள் வேலையிடக் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற எல்லையைப் போட்டிருப்பார்கள். அது பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற) கணக்கு, மூக்குக் கணக்கு அல்ல.