வராவிட்டால் கேட்க ஒருவர்

பணி ஓய்வு பெற்ற நான்காவது மாதத்தில், ஒரு பிற்பகலில், அன்று என்ன கிழமை என்று எனக்குத் தெரியவில்லை. கைபேசியை எடுத்துப் பார்த்த பிறகுதான் புதன் என்று தெரிந்தது. திங்களென்றால் வாராந்திரக் கூட்டம், வெள்ளியென்றால் நிலுவைக் கோப்புகள் என்று 34 ஆண்டுகள் கிழமைகளை வேலையைக் கொண்டே அறிந்திருந்த எனக்கு, மறதி தொடங்கிவிட்டதோ என்ற பயம் வந்தது. மறதி ஒன்றுமில்லை. ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெறப்போகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, சேமிப்பைப் பற்றியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவுக்கே வழியில்லாதவரிடம் வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவது அவமதிப்பு. மீதிப் பாதி, "ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது. இதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரின் துணி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே சென்று அம்மக்களின் அன்றாட வாழ்வைக் கவனித்து, 1933-இல் அதை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் கையில் நேரமிருந்தும், அவ்வூர் நூலகத்தில் இரவல் வாங்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலை விட்டு நீங்காத பெண்களோ வேகமாகவே நடந்தார்கள். (இதை நான் படித்துக் காட்டியபோது, "இதற்கு ஆஸ்திரியா வரைக்கும் போக வேண்டுமா?" என்று என் மனைவி கேட்டார்.) வறுமையில் தள்ளப்பட்ட அவர்களையும் ஓய்வூதியம் வாங்கும் என்னையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் யஹோதா பிற்காலத்தில் வகுத்துச் சொன்னது என் விஷயத்தில் அப்படியே பொருந்தியது: சம்பளத்தைத் தவிர, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே மனிதர்களையும், தனியொருவரால் முடியாத காரியத்தில் ஒரு பங்கையும், இன்னார் என்ற அடையாளத்தையும், கைக்கு ஓயாத வேலையையும் உத்தியோகம் நமக்குத் தெரியாமலே தந்துகொண்டிருக்கிறது.

பொழுதுபோக்கு இவற்றில் கடைசியானதை மட்டுமே ஈடுசெய்கிறது. நான் நீர்வண்ண ஓவியம் பழகினேன். ஆறு படங்கள் வரைந்தேன். ஏழாவது தாளில் ஒரு மரத்தின் அடிப்பகுதி மட்டும் இன்றுவரை நிற்கிறது. அதற்குக் கிளை வரையாமல் விட்டதால் உலகில் யாருக்கும் ஒரு குறையுமில்லை.

நட்பின் நிலையும் இதேதான். என் கைபேசிக்கு வந்துகொண்டிருந்த அழைப்புகளில் பெரும்பாலானவை நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்தவை என்பது, நாற்காலியை விட்ட இரண்டே வாரத்தில் புரிந்தது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்; எனக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களை நான் எத்தனை முறை அழைத்தேன்?

இப்போது வாரம் இருமுறை, பார்வையற்ற சட்டக்கல்லூரி மாணவர் ஒருவருக்குத் தொலைபேசியில் பாடநூல் வாசிக்கிறேன். முதல் நாளே, "சார், ரொம்ப வேகமா போறீங்க, அடிக்குறிப்பையும் விடாம படிங்க" என்றார். பல ஆண்டுகளாக யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. தொண்டு செய்யப் போன இடத்திலும் தலைவர் பொறுப்பை எதிர்பார்த்து, கிடைக்காமல் கோபித்துக்கொண்டு திரும்பிய ஓய்வுபெற்றவர்களை எனக்குத் தெரியும்; அந்தக் கணத்தில் நானும் அவர்களில் ஒருவனாக ஆகியிருப்பேன். ஆனால் அடுத்த மாதம் காய்ச்சலில் படுத்து ஒரு செவ்வாய்க்கிழமை அழைக்காமல் விட்டபோது, சொன்ன நேரம் தாண்டி ஐந்தாவது நிமிடத்தில் என் கைபேசி ஒலித்தது. "சார், இன்னைக்கு இல்லையா?" என்ற அந்தக் குரலில் நலவிசாரிப்பைவிடத் தேர்வு பற்றிய கவலைதான் அதிகம். அந்தக் கவலைதான் எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு அந்தப் பக்கங்கள் வேண்டும், அவற்றை வாசிக்க நான் வேண்டும். இதில் மரியாதைக்காகச் செய்யப்பட்டது எதுவுமில்லை.

ஓய்வு பெறப்போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் உங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. நிம்மதியாக இருக்க விடுங்கள் என்கிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

ஒப்பந்தச் சட்டத்தில் இன்னும் நாற்பது பக்கங்கள் பாக்கி இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டுமாம், அடிக்குறிப்புகளோடு.