அடுப்படிச் சன்னலை அடைக்காதீர்கள்

போன வாரம் சொந்தத்தில் ஒரு பெண் வீடு பார்க்கப் போனாள். "நீங்களும் கூட வாங்க அத்தை" என்று கூப்பிட்டாள். ரங்கூன் நகருக்குள், நாலாவது மாடி. நமக்கெல்லாம் பழகிய அளவுதான்: 12½ அடி அகலம், 50 அடி நீளம். முன்னறையில் புது டைல்ஸ், சுவருக்குப் புதுப் பெயிண்ட், எல்லாம் பளிச்சென்று இருந்தது. கடைசியில் அடுப்படிக்குப் போனேன். சன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, மேலே புகை இழுக்கும் ஃபேன் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். "பின் சந்து நாற்றம் வராதும்மா, எலியும் வராது" என்றார் தரகர். இந்த வீடு வேண்டாம் என்று அங்கேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

முப்பது வருடமாக ஒரே சன்னலுக்கு முன்னால் நின்று சமைத்து வருகிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். வீடு பார்க்கப் போனால் முதலில் அடுப்படிச் சன்னலைப் பாருங்கள். முன்னறையை அப்புறம் பார்க்கலாம்.

முதல் காரணம் உயிர். இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரண்ட் போனால் அந்த ஃபேன் சுற்றாது. மின்சார அடுப்பும் அணைந்துவிடும், நாம் கரி அடுப்பைப் பற்றவைப்போம். எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் தலை சுற்றும், தூக்கம் வருவது போல இருக்கும், ஆளையே கொன்றுவிடும். சன்னல் இல்லாத அடுப்படியில் தயவுசெய்து யாரும் கரி மூட்டாதீர்கள்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. என் சன்னலிலிருந்து பார்த்தால் கடலும் தெரியாது, மலையும் தெரியாது. கீழே பின் சந்து. வெள்ளைக்காரன் காலத்தில் சாக்கடைக்கென்று விட்ட இடம். எதிரே இன்னொரு கட்டடத்தின் முதுகு, துருப்பிடித்த குழாய்கள், காயப்போட்ட லுங்கிகள். ஆனால் காலை ஐந்தரைக்கு அரிசியைக் களைந்துகொண்டே அங்கே பார்த்தால் ஊர் கண் விழிப்பது தெரியும். பெப்யோ விற்கிறவளின் நீட்டல் குரல் முன்தெருவில் கேட்கும். முளைகட்டி வேகவைத்த பட்டாணியைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். நம் சுண்டலுக்கு அக்காள் மாதிரி அது. காற்று இந்தப் பக்கம் வீசினால் காளி கோயில் மணி கேட்கும். 1871இல் நம் ஆட்கள் இங்கே வந்து எழுப்பிய கோயில் அது.

எதிர்ச் சன்னலில் ஒரு பர்மிய மூதாட்டி. என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை 'அமா' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் அக்கா என்று பொருள். ஒரே ஒரு மெய்யெழுத்து சேர்த்தால் நம் அம்மா. அவர் சன்னல் கம்பியில் எப்போதும் ஒரு நெற்கதிர்க் கட்டு தொங்கும். சிட்டுக்குருவிகளுக்காகக் கட்டுவது. குருவி கதிரில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு ஒரு நெல்லை உருவும், அலகிலேயே உருட்டி உமியைத் துப்பும், அப்புறம் அடுத்த நெல். நான் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் சன்னலிலும் கட்டினேன். எங்கள் ஊரில் பாட்டியும் இப்படித்தான் தாழ்வாரத்தில் கட்டி வைப்பாள். இங்கே சந்தையில் காய்கறியை இன்னும் வீசைக் கணக்கில்தான் வாங்குகிறோம், ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. தமிழ்நாட்டில் மறந்துபோன சொல் இங்கே தினமும் புழங்குகிறது. சந்தைப் பையை இறக்கி வைக்கும்போதெல்லாம் அதை நினைத்து மனசு நிறையும்.

பத்து மணிக்கு மேல் சன்னல் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு வெயில் விழும். முக்கால் மணி நேரம் நிற்கும். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை அந்த வெயிலோடு நகர்த்திக்கொண்டே போவேன். முதலில் கறிவேப்பிலை நிற்கும் பெயிண்ட் வாளிக்குப் பக்கத்தில், கடைசியில் மல்லி முளைத்த பால் டின்னுக்குப் பக்கத்தில். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைதான். வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். அதனால் கோடையில் கிடைக்கிற இந்த முக்கால் மணி வெயிலை நான் வீணாக்குவதில்லை. தோல் மெல்ல நிறம் மாறிப் பழுப்பாகி, உப்புத் தண்ணீர் பாகு போல இறுகும்போது ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடையாது. "வீட்டில் சும்மாதானே இருக்கீங்க" என்று கேட்பவர்களுக்கு இது புரியாது. எனக்கு இது வேலையும்தான், சந்தோஷமும்தான்.

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் பெரிய பெரிய மரங்கள் எல்லாம் தெருவில் கிடந்தன. கரண்ட் இல்லை, அதனால் மோட்டாரும் இல்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்க்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கைப்பம்பு ஒன்று இருந்தது. அந்த மூதாட்டியின் மகன் அடித்துக் கொடுக்க, நான் கம்பிக் கதவைத் திறந்து கயிற்றில் வாளி கட்டி, மூன்றாவது மாடிக்கு இழுத்தேன். கை கொப்பளித்தது. நாங்கள் குடித்தது, சமைத்தது எல்லாம் அந்தச் சன்னல் வழியாக வந்த தண்ணீர்தான். அங்கே செங்கல் இருந்திருந்தால்?

நாற்றம் என்கிறார்களே, அது உண்மைதான். மேலிருந்து குப்பையை வீசுவது நாம்தான், அப்புறம் நாற்றம் என்று சன்னலை அடைப்பதும் நாம்தான். சில வருடங்களுக்கு முன் நகரில் சில பின் சந்துகளைச் சுத்தம் செய்து, சுவரில் வண்ணம் தீட்டி, செடி வைத்து, பிள்ளைகள் விளையாடும்படி ஆக்கினார்கள். நானே போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் சந்தில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் எங்கள் மாடிக்காரர்கள் எல்லோரும் பேசி, பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவு செய்தோம். ஒரு வீடு மட்டும் இன்னும் கேட்கவில்லை. நான் விடுவதாக இல்லை.

அந்தப் பெண் நேற்று வீட்டுக்கு வந்தாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்ததும் எதிரிலிருந்து மூதாட்டி "அமா, இன்றைக்கு என்ன?" என்று கேட்டார். இவள் என்னைத் தள்ளிவிட்டுச் சன்னலுக்குப் போய் நின்றுகொண்டாள். அரை மணி நேரம் நகரவில்லை. சனிக்கிழமை இன்னொரு வீடு பார்க்கப் போகிறோம். இரண்டாவது மாடி, முன்னறை கொஞ்சம் இருட்டுதானாம், அடுப்படிச் சன்னல் கிழக்குப் பார்த்ததாம்.