தேட் கட்டாயமில்லை
தம்பி, பிறர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'தேட்' (that) என்ற சொல் கட்டாயம், வினை எப்போதும் இறந்தகாலத்துக்கு மாறணும் என்று மேலே போட்டிருக்கீங்க. இரண்டுமே சரியில்லை. நம்ம சுங்கை சிப்புட் பிள்ளைகள் ஐந்தாம் படிவத் தேர்வுக்கு இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவாங்க, அதனால்தான் எழுதுறேன்.

தமிழில் 'என்று' அல்லது 'வருவதாக' என்பது போல ஓர் 'ஆக' வேணும். அதுவும் சொன்ன செய்திக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் 'தேட்' செய்திக்கு முன்னால் வரும், 'செட்' (said, சொன்னார்) என்ற வினைக்குப் பிறகு பெரும்பாலும் விட்டுவிடலாம். 'த கிராணி செட் த ஃபேக்டரி இஸ் குளோஸ்ட்', அதாவது ஆலை மூடியிருப்பதாகக் கிராணி (எழுத்தர்) சொன்னார்: ஆலை இன்னும் மூடியே இருந்தால் 'இஸ்' சரிதான், 'வாஸ்' போட்டாலும் பிழையில்லை. நிலைமை மாறிப்போயிருந்தால்தான் 'வாஸ்' வேண்டும்.

பிள்ளைகள் உண்மையில் தடுமாறுவது 'செட் மீ' என்று எழுதுவதில்தான். 'என்னிடம் சொன்னார்' என்பதற்கு அது 'டோல்ட் மீ' (told me), இல்லையென்றால் 'செட் டு மீ' (said to me). திருத்திப் போடுங்க தம்பி.