பனிப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர்

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் மிஷனெரி ஊழியம் செய்யும் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் பனியில் நிற்கும் அந்தப் படத்தின் கீழே நம் சபையைச் சேர்ந்த ஒருவர் எழுதியதைப் பெரும்பாலோர் படித்திருப்பீர்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊழியம் என்ற பெயரில் குளுகுளுவென்று சுற்றுலா போகிறார்கள் என்று அவர் எழுத, அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் சிலர், போன மிஷனெரி ஞாயிறன்று பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று சொன்னவர்கள். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அவர்கள் சுற்றுலாவில் இல்லை. அங்கே குடியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது ஒரு நொடியில் எடுத்த படம்; அவர்கள் வாழ்வது நவம்பரில் தொடங்கி மார்ச் தாண்டியும் நீளும் குளிர்காலம்.

லாஹௌலின் முக்கிய ஊரான கேலாங்குக்கு அருகே அவர்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு ஜனவரியில் நான் தங்கியிருந்தேன். விடிவதற்கு முன்பே பெரியம்மா எழுந்து, அந்த ஊரார் தந்தூர் என்று சொல்லும் தகர அடுப்பில் விறகு வைத்து மூட்டுவார். அதன் பிறகுதான் வாளியின் மேல் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைக் கரண்டிக் காம்பால் உடைத்துத் தண்ணீர் மொள்ள முடியும். மூவாயிரம் மீட்டருக்கு மேலே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி அடுப்போரத்தில் வைத்தாலும் சில நாள் புளிக்காது. இரவெல்லாம் பனி கொட்டினால், காலையில் அறுபது வயதைக் கடந்த பெரியப்பா ஏணியில் ஏறி, தட்டையான மண்கூரையின் மேலிருந்து அதைத் தள்ளியாக வேண்டும். தள்ளாவிட்டால் கூரை தாங்காது. முட்டுவலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ஏறினார். நான் செய்கிறேன் என்றதற்கு, "உனக்குக் கால் வைக்குமிடம் தெரியாதும்மா" என்றார்.

இதுவா சுற்றுலா?

2020 அக்டோபரில் பள்ளத்தாக்குக்குப் போக அடல் சுரங்கப்பாதை திறந்துவிட்டதே, இப்போது என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். உண்மைதான், வழியிலுள்ள ரோதாங் கணவாய் பனியால் மூடினால் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நிலை இன்று இல்லை. ஆனாலும் பெரும்பனி கொட்டினாலோ பனிச்சரிவு விழுந்தாலோ சாலை நாட்கணக்கில் அடைபடுகிறது, அந்த நாட்களில் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தால் தீர்ந்ததுதான். மதமாற்றம் என்று சொல்பவர்களுக்கு நான் நீண்ட பதில் எழுதப் போவதில்லை. மாலையில் அண்டைவீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதையும், படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு வெந்நீர் கொண்டுபோவதையும் அந்த ஊராரே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை உண்மையாகவே வருத்துவது நம்மவர்களின் வேறொரு கேள்வி: "இத்தனை வருஷத்தில் எத்தனை ஞானஸ்நானம்?"

அதே கேலாங்கில், ஐரோப்பாவின் மொராவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபை அனுப்பிய மிஷனெரியான வில்ஹெல்ம் ஹைடேயும், 1859இல் அங்கே வந்து அவரை மணந்த மரியாவும் 1898 வரை வாழ்ந்தார்கள். சுரங்கப்பாதையோ மின்சாரமோ இல்லாத காலம் அது. பெற்ற பிள்ளைகளில் சிலரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அவ்வளவு காலத்திலும் அங்கே கூடிய சபை மிகச் சிறியது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களுக்கு மரியா கம்பளிப் பின்னல் கற்றுக்கொடுத்தார். இன்று லாஹௌல் காலுறையும் கையுறையும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. குளிர்காலம் முழுக்க ஊசியும் நூலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நம் ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"இங்கேயே தேவை இல்லையா, இந்த வயதில் அவ்வளவு தூரம் எதற்கு" என்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அதில் அக்கறையும் உண்டு, பெரியம்மாவின் பிள்ளைகளே அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். ஆனால் இங்கே இருந்த காலத்தில் நாம் அவர்களை எதற்கு அழைத்தோம்? ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்ததைத் தவிர வேறு எந்தப் பொறுப்பையும் யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை. அங்கே அவர்கள் தேவைப்படுகிறார்கள். சபையின் காணிக்கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்காமல், சொந்த ஓய்வூதியத்தில் விறகு வாங்கி எரிக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஜெபம் மட்டுமே. பண்டிகை நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் போதும், பெரியம்மா ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். கடந்த கிறிஸ்துமஸுக்கு நம் சபையிலிருந்து எத்தனை பேர் அழைத்தீர்கள்?

வருகிற ஆண்டுக் கூட்டத்தில் அவர்களுடைய அறிக்கை வாசிக்கப்படும். ஞானஸ்நானம் என்ற கட்டம் இந்த முறையும் காலியாகத்தான் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டி யாராவது அவர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று பேசினால், சபைப் போதகரான ஐயர் முன்னிலையிலேயே எழுந்து நின்று மறுத்துப் பேசுவேன்.