நாய்க்காக ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க

"பாவம், நாய் குறுக்க வந்துருச்சாம். அதக் காப்பாத்தப் போயி புளியமரத்துல விட்டுட்டாராம்." பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காடு போகிற பக்கத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. கூடவே "நல்ல மனசுக்காரர்" என்று ஒரு பாராட்டும் வரும். அந்தப் பாராட்டுதான் எனக்கு ஒப்பவில்லை. பின்சீட்டில் இருந்த பிள்ளைகளை மரத்தில் கொண்டுபோய் மோதியது நல்ல மனசில் சேராது.

காரில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். நாய், பூனை, கோழி, கீரி எது வந்தாலும் பிரேக்கை முழுசாக மிதியுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். அடிபட்டால் அடிபடட்டும். கேட்க ஈரமில்லாத பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் ஒடித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இடப்பக்கம் வெடுக்கென்று ஒடித்தால் இடது சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கும். நம்ம பக்கத்துச் சாலைகளில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல்கடை உயரமாவது வித்தியாசம் இருக்கும். பதறிப்போய் வலப்பக்கம் இழுப்பார்கள். டயர் உடனே ஏறாது, விளிம்பை உரசிக்கொண்டே ஓடும். இன்னும் இழுப்பார்கள். திடீரென்று ஏறும்போது ஸ்டியரிங் முழுக்க வலப்பக்கம் திரும்பியிருக்கும், வண்டி ஒரே பாய்ச்சலில் எதிரே வருகிற லாரிக்கு முன்னால் போய் நிற்கும், இல்லையென்றால் கவிழும். நாய் அதற்குள் தோப்புக்குள் போயிருக்கும்.

2019 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வருகிற கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, உண்டு. முழு பலத்தோடு மிதித்தால் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் அதிகம். எடுக்காதீர்கள், அது வேலை செய்கிற லட்சணமே அந்த உதறல்தான். ஆளில்லாத சாலையில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, 40-ல் போய் ஒருமுறை முழுசாக மிதித்துப் பழகுங்கள். எட்டும் எச்சும் போட்டு லைசென்ஸ் வாங்குகிறோம், எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். அவசர பிரேக் பிடிக்க எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மாடு, எருமை, கடமான் என்றால் கணக்கு வேறு. பம்பர் கால்களைத்தான் அடிக்கும். நூற்றுக்கணக்கான கிலோ உடம்பு பானெட் மேல் சரிந்து முன்கண்ணாடி வழியாக ஆள் மேலேயே வந்து விழும். அதனால் முதலில் பிரேக். வேகம் நன்றாகக் குறைந்த பிறகும் நிற்காது என்று தெரிந்தால், பக்கத்தில் காலி இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், மாட்டின் வால் பக்கமாக மெதுவாக விலக்குங்கள். நடந்துகொண்டிருக்கிற மாடு பெரும்பாலும் முன்னால்தான் போகும். நாய்க்கு இந்தக் கணக்கு எடுபடாது, பாதி ரோட்டில் மனசு மாறித் திரும்பி ஓடிவரும். ஆடு ஒன்று கடந்தால் மந்தையே பின்னால் வரும், தாய் அந்தப் பக்கம் போய்விட்டால் குட்டி இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பாயும்.

இன்னொன்று, கயிறு. ரோட்டோரம் மாடு ஒரு பக்கம், பிடித்திருக்கிறவர் மறுபக்கம் நின்றால் நடுவில் இடம் இருக்கிறதே என்று ஸ்கூட்டரை விடாதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கயிறு கண்ணுக்கே தெரியாது.

இருசக்கர வண்டிக்கு நாய்தான் எமன். ஸ்கூட்டரின் பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம், பைக்கின் பதினேழு அங்குலச் சக்கரம் போல எதன் மேலும் ஏறி இறங்கிவிடாது, மடங்கிவிடும். வண்டியைச் சாய்க்காமல், ஹேண்டில் நேராக இருக்க, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்துங்கள். மோதுவது உறுதி என்றால் கடைசி நொடியில் முன்பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்திருக்கும்போது முன்பக்க ஷாக் அமுங்கிக் கிடக்கும், மோதலைத் தாங்க அதில் இடம் இருக்காது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராகப் போங்கள். பின்னால் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிமானம் ஒரு கைதான், சின்ன ஒடிப்புக்கே விழுந்துவிடுவார். துரத்துகிற நாயை உதைக்கக் காலை நீட்டினால் வண்டி தடுமாறும். அது ஓடிவரும்போது கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, கிட்டே வந்ததும் சீராக முடுக்குங்கள். நம் வேகத்தைக் கணக்குப் போட்டுத்தான் அது குறுக்கே வருகிறது, அந்தக் கணக்குத் தப்பிவிடும்.

இவ்வளவும் செய்ய நேரம் வேண்டும், நேரத்தைத் தருவது குறைந்த வேகம். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். 60-ல் போனால் அந்த நொடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தாரில் நிற்க இன்னொரு 20. மொத்தம் 37. இதே இடத்தில் 80-ல் வந்தவர் நிற்க 57 மீட்டர் வேண்டும். முதல் வண்டி நின்ற இடத்தை அவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 60! மாட்டை 60-ல் அடிக்கிறார். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மாதங்களில் பிரேக் தூரம் இன்னும் நீளும். இரவில் டிம் லைட்டில் கறுப்பு எருமை தெரிவதற்குள் பாதி தூரம் போய்விடும். எதிரே வண்டி இல்லையென்றால் பிரைட்டில் போங்கள், கண் மின்னுவது தெரிந்ததும் டிம் செய்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். பிரைட்டில் மான் அப்படியே உறைந்து நிற்கும், நகராது.

மயில் நம்ம ஊரில் காக்கையைவிட அதிகமாகிவிட்டது என்று சிரிக்கிறோம். அது எழும்பி மேலே போக நேரம் பிடிக்கும், பைக்காரரின் நெஞ்சு உயரத்திலேயே குறுக்கே வரும். ஓரத்தில் ஒன்றைப் பார்த்தாலே ஆக்சிலேட்டரை விடுங்கள்.

வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறைத் தாண்டி ஏறும்போதே வரையாடு ரோட்டோரம் நிற்கும். மேலே புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் கடக்க மரத்துக்கு மரம் பாலமே கட்டியிருக்கிறார்கள், இருந்தும் கீழே இறங்கத்தான் செய்யும். தின்ன எதையாவது வீசுகிறவர்கள்தான் அவற்றை ரோட்டுக்குப் பழக்குகிறார்கள். யானை நின்றால் ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், இறங்கவே வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் எடுக்க இடம் விட்டு, எஞ்சினை அணைக்காமல் காத்திருங்கள். முன்வண்டியின் பம்பரை ஒட்டி நிற்கிறவர்தான் எல்லோரையும் மாட்டிவிடுவார்.

அடிபட்டுவிட்டால் ஹசார்ட் லைட் போட்டு ஓரம் கட்டுங்கள். அடிபட்ட நாயின் வாயருகே கையை வைக்காதீர்கள், வளர்த்தவரையே கடிக்கும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் 1962. ஆடு மாடு என்றால் அது ஒருவருடைய சொத்து. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு வைத்திருந்தால் உங்கள் பானெட்டுக்கு ஒரு பைசா வராது. காட்டு விலங்கு என்றால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். இறந்த மானைத் தூக்கி டிக்கியில் போட்டால் மோதியது விபத்து என்ற பேச்சே எடுபடாது, வழக்கு வேறு வழக்காகிவிடும்.

வண்டியை எடுக்குமுன் குனிந்து பாருங்கள். ரேடியேட்டரிலிருந்து கூலன்ட் சொட்டுகிறதா, பம்பர் உள்ளே அமுங்கி டயரை உரசுகிறதா, ஹெட்லைட் எரிகிறதா? செத்த நாயை நடுரோட்டில் விட்டுப் போகாமல், வண்டி வராத நேரம் பார்த்துக் காலைப் பிடித்து ஓரம் இழுத்துப் போடுங்கள். விட்டால் விடிவதற்குள் அதை இழுக்க இன்னும் நாலு நாய் அதே இடத்துக்கு வரும்.