கேலரியிலிருந்து களத்துக்கு

அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். 1992 ஏப்ரல், போஸ்னியாவில் பியெல்யினா என்கிற ஊர். நடைபாதையில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் விழுந்து கிடக்கிறார்கள். சீருடைக்காரன் ஒருவன் உதைக்கக் காலை ஓங்கியிருக்கிறான். அந்தக் காலை விட எனக்குக் கண்ணிலேயே நிற்பது அவன் கைதான். விரலிடுக்கில் சிகரெட். தலையில் ஏற்றிவிட்ட கூலிங் கிளாஸ். டீக்கடை வாசலில் நிற்கிற தோரணை. ரான் ஹவீவ் எடுத்த படம்.

அவன் 'அர்கானின் புலிகள்' படையைச் சேர்ந்தவன். (பெயர்ப் பொருத்தம் பார்க்க ஆரம்பிக்காதீர்கள், இது வேறு கதை.) அர்கான் ஐரோப்பாவில் பல நாட்டு போலீஸ் தேடிய வங்கிக் கொள்ளைக்காரர். செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கால்பந்து ரசிகர் கூட்டத்துக்குத் தலைவராகி, 1990 அக்டோபரில் அந்த கேலரிப் பையன்களை வைத்தே படை கட்டினார். நாட்டுப்பற்றில் தானாகத் திரண்ட இளைஞர்கள் என்று கதை சொன்னார்கள், பின்னால் இருந்தது அரசு. செர்பிய அரசின் உளவுத்துறைத் தலைவராக இருந்த ஸ்டானிசிச்சுக்கும் அங்கே சிறப்புப் படையை நடத்திய சிமாடோவிச்சுக்கும் போஸ்னிய, குரோவேஷியக் குற்றங்களில் பங்குண்டு என்று ஹேக் நகர ஐ.நா. போர்க்குற்ற நீதிமன்ற நீதிபதிகள் 15 ஆண்டு தண்டனை கொடுத்து முடிக்க 2023 ஆகிவிட்டது. அர்கானை 2000 ஜனவரியிலேயே பெல்கிரேட் ஹோட்டல் ஒன்றில் யாரோ சுட்டுத் தள்ளிவிட்டார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உக்ரைன் விஷயத்தில் 2022 முதல் நம் ஆட்கள் போடுகிற சண்டை அப்படி. சண்டை அசோவ் பற்றி, 2014-ல் தன்னார்வலர்களை வைத்துக் கட்டிய உக்ரைன் படை. ஒரு கோஷ்டிக்கு அசோவ் என்றால் நாஜி, உக்ரைனே நாஜி. இன்னொரு கோஷ்டிக்கு அசோவ் என்றால் 2022-ல் ரஷ்ய முற்றுகையில் மரியுபோல் நகரைக் காத்து நின்ற வீரர்கள், அதற்கு மேல் பேசினால் நீ புடின் ஆள். இரண்டு பேரிடமும் எனக்கு ஒரே வழக்குதான்: எதிராளியின் சட்டையில் இருக்கிற சின்னம் மட்டும் இவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

அசோவின் சின்னத்தையே எடுத்துக்கொள்வோம். 'தேசத்தின் கருத்து' என்பதன் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போட்டது என்பார்கள். ஹிட்லரின் எஸ்.எஸ். டிவிஷன் ஒன்று குத்திக்கொண்டு திரிந்ததும் கிட்டத்தட்ட அதே கோடுதான். தொடக்கத்தில் அதன் பின்னால் நாஜிகளோடு ஒட்டிய கறுப்புச் சூரியன் சின்னம் வேறு. தற்செயல் என்று சொன்னால் நம்ப நான் தயாரில்லை. நிறுவியவர் ஆண்ட்ரி பிலெட்ஸ்கி, கார்கிவில் இனவெறிக் கும்பல் ஒன்றை நடத்தியவர். 2014 பிப்ரவரியில்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். மே மாதம் படை ரெடி. அங்கேயும் கார்கிவ் கால்பந்து கேலரிப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள்.

எப்படி விட்டார்கள்? கிரிமியா கைவிட்டுப் போன அந்த மார்ச்சில், காலாட்படையில் சண்டைக்குத் தயாராக இருப்பது 6,000 பேர்தான் என்று உக்ரைனின் பாதுகாப்பு அமைச்சரே சொன்னார். வீடு பற்றி எரியும்போது தண்ணீர் கொண்டு வருகிறவனிடம் ஜாதகமா கேட்பார்கள்? கேட்கவில்லை. ஜூனில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளிடமிருந்து மரியுபோலை மீட்டார்கள், நவம்பரில் தேசியக் காவல் படையில் சேர்த்துக்கொண்டார்கள். சித்திரவதைப் புகார்கள் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை வரை போயின. அதையும் விழுங்கிவிட்டுத்தான் இன்று வீரவணக்கம் போடுகிறோம்.

சரி, "நாஜிகளை ஒழிக்க" வந்தவர்கள் யாரை அழைத்து வந்தார்கள்? 2014-லேயே கிழக்கு உக்ரைனின் டான்பாஸில் ரஷ்யப் பக்கம் சண்டை போட்ட ருசிச் என்கிற படை இருந்தது. பீட்டர்ஸ்பர்க் ஆட்கள். சட்டையில் எட்டுக் கை ஸ்வஸ்திகா. தலைவன் மில்சகோவ் 'நான் நாஜி' என்று கேமரா முன்னால் வாய் கூசாமல் சொன்னவன். நாய்க்குட்டியைக் கொன்று படம் போட்டுப் பேர் வாங்கியவன். ரஷ்யாவில் அவன் மேல் ஒரு போர்க்குற்ற வழக்கு? கிடையாது. கிரிப்டோவில் நன்கொடை வசூல் அமோகம்.

இங்கேதான் நான் ஒரு பக்கம் சாய்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். உக்ரைனில் 2019 தேர்தலில் தீவிர வலதுசாரிகள் எல்லாரும் ஒரே பட்டியலில் நின்றும் 2.15 சதவீதம்தான் தேறியது. அசோவ் யாருடைய ஆணையில் இயங்குகிறது என்பதற்குக் காகிதம் இருக்கிறது, தப்பு செய்தால் பதில் சொல்ல ஒரு ராணுவம் இருக்கிறது. ருசிச்சுக்கு அப்படித் தெளிவான காகிதம் கிடையாது. தெளிவில்லாமல் வைத்திருப்பதுதான் மாஸ்கோவுக்கு வசதி, பெல்கிரேடுக்கு அன்று வசதியாக இருந்த மாதிரி.

ஆனாலும் உறுத்துகிறது. அந்த பிலெட்ஸ்கி இப்போது பிரிகேடியர் ஜெனரல், உக்ரைன் ராணுவத்தின் ஒரு கோர் (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும் படை) முழுக்க அவர் கையில். போர் முடிந்து சீருடையைக் கழற்றிவிட்டு அவர் ஓட்டுக் கேட்க வந்தால் அப்போதும் 2.15தானா?

ருசிச்சில் மில்சகோவின் கூட்டாளி ஒருவன் பேரை மாற்றிக்கொண்டு பின்லாந்தில் குடும்பத்தோடு இருந்தான். 2023-ல் பிடித்தார்கள். உக்ரைன் சிறைகளின் நிலைமையைக் காரணம் காட்டி அவனை அங்கே அனுப்ப முடியாது என்று பின்லாந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாங்களே விசாரித்தார்கள். 2014 செப்டம்பரில் லுகான்ஸ்க் பக்கம் நடந்த குற்றங்களுக்கு 2025 மார்ச்சில் ஹெல்சின்கியில் ஆயுள் தண்டனை. அந்த வழக்குக்கு முக்கியமான ஆதாரங்களில் ஒன்று, அவர்களே பிணங்களோடு நின்று எடுத்துப் போட்ட போட்டோக்கள்.