மூணு அடி உயரத்துல நின்னு பாருங்கய்யா

மீன் கண்காட்சியை யாருக்காக நடத்துறீங்க? போஸ்டர் பூரா குழந்தைங்க படம். ஆட்டோவுல மைக் கட்டி, சத்துவாச்சாரியில இருந்து பாகாயம் வரைக்கும் "குட்டிப் பசங்களே வாங்க வாங்க"ன்னு கூவுறீங்க. ஸ்கூல் வாசல்ல நின்னு பசங்க கையில நோட்டீஸ் திணிக்கிறீங்க. உள்ள போய்ப் பார்த்தா ஒரு தொட்டி, ஒரே ஒரு தொட்டி கூட குழந்தையோட கண்ணுக்கு எட்டுற உயரத்துல இல்ல. எனக்கு வயிறு எரியுது.

லீவு விட்டா வேலூர்ல பசங்களை எங்க கூட்டிட்டுப் போறது? கோட்டை, உள்ள இருக்குற மியூசியம், ஸ்ரீபுரம். கொஞ்சம் தூரம்னா அமிர்தி, ஏலகிரி. மே மாச வெயில்ல இதுல பாதி இடத்துல வெறுங்கால் வைக்க முடியாது. அதனால எவன் தகரக் கொட்டாய் போட்டு மீன் காட்டுறேன்னாலும் குடும்பம் குடும்பமா போய் வரிசையில நிக்கிறோம். அது அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

"பாப்பாவுக்கு மூணு வயசு ஆயிடுச்சாக்கா? அப்ப ஃபுல் டிக்கெட்டு." 120 ரூபாய். வளர்ந்த ஆளுக்கு என்னவோ அதேதான் அவளுக்கும். வாங்கிக்கோங்க. முழுக்காசு வாங்கினா அவளுக்கும் முழுசா மீனைக் காட்டணுமா இல்லையா?

மூணு வயசுக் குழந்தை மூணு அடி இருக்கும், கூடப் போனா ஒண்ணு ரெண்டு இஞ்சு. அங்க தொட்டி வெச்சிருக்குற இரும்பு ஸ்டாண்டே நாலு அடி. அதைச் சுத்திப் பச்சைத் துணி கட்டியிருக்கு. என் பொண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சது பச்சைத் துணியும் அடுத்தவங்க முழங்காலும்தான். துணி விலகின இடத்துல ஈரத் தரையில ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கிடக்குது. ஏர் பம்ப், ஃபில்டர், லைட்டு எல்லா ஒயரும் அதுலதான் போகுது. ஒரு ஒயருக்கு பிளக்கே இல்ல, வெறும் கம்பியை ஓட்டையில விட்டுத் தீக்குச்சி சொருகி நிறுத்தி வெச்சிருக்காங்க. மேல தொட்டி விளிம்புல இருந்து தண்ணி சொட்டிட்டு இருக்கு. அந்தக் கூடத்துல குழந்தையோட கண்ணுக்கு நேரா இருந்த ஒரே பொருள் அதுதான். அவ குனிஞ்சு கையை நீட்டினப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. பக்கத்துல நின்ன பையன்கிட்ட சொன்னா, "ஒண்ணும் ஆவாதுக்கா, நீ பாப்பாவைத் தூக்கி இடுப்புல வெச்சிக்கோ"ன்றான். ஏதாவது ஆயிருந்தா யாரு தம்பி பதில் சொல்றது?

இடுப்புல வெச்சிக்கிட்டேன். பெரியவனுக்கு ஆறு வயசு. அவன் எம்பி எம்பிக் குதிக்கிறான், குதிக்கிற நேரத்துல மீன் அந்தப் பக்கம் போயிடுது. இவளை இறக்கிட்டு அவனைத் தூக்கினா இவ அழறா. என்னை மாதிரியே அங்க எத்தனை அம்மாங்க, எத்தனை தாத்தாங்க! ஒரு பெரியவர் பேரனைத் தோள்ல உக்கார வெச்சிக்கிட்டு மூச்சு வாங்குறார். உக்கார ஒரு பெஞ்சு கிடையாது. கீழ நாலு ஹாலோ பிளாக், மேல நீளமா ஒரு பலகை. நான் கேக்குறது அவ்ளோதான். அடுக்கடுக்கா டிக்கெட் வித்த காசுல ஒரு பலகை போட முடியாதா உங்களால?

தூக்கிப் பிடிச்சாலாவது தெரியுதான்னா, கண்ணாடிக்கு முன்னாடி வரிசையா ஃபோன். அப்பன் ஆத்தாளுங்களா, உங்களையும்தான் சொல்றேன். மீனுக்கு முதுகைக் காட்டி நின்னு, குழந்தையைத் திருப்பி நிறுத்தி, "சிரி, சிரி"ன்னு படம் எடுக்குறீங்க. அது மீனைப் பார்க்க வந்துச்சா, உங்க ஃபோனைப் பார்க்க வந்துச்சா? அது கழுத்தைத் திருப்பி மீனைப் பார்த்தா அதட்டுறீங்க. என் கண்ணால பார்த்தேன், மீனைத் திரும்பிப் பார்த்ததுக்காக ஒரு குழந்தைக்கு முதுகுல ஒரு அடி விழுந்துச்சு.

அதுவும் ஃபிளாஷ் போட்டு. இந்த மீனுங்களுக்கு இமை கிடையாது, கண்ணை மூடவே முடியாது. இருட்டுக் கூடத்துல மூஞ்சிக்கு நேரா பளிச் பளிச்சுன்னு அடிச்சா அது எங்க போய் ஒளியும்? ஒளிய ஒரு கல்லு, ஒரு செடி கூட உள்ள வைக்கல. அதுக்கு மேல கண்ணாடியைத் தட்டுறது வேற. மோதிர விரலால டொக் டொக்குன்னு. மீனோட உடம்புல ரெண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும், தண்ணியில சின்ன அதிர்வு வந்தாக்கூட அது வழியா அதுக்குத் தெரிஞ்சிடும். காத்துல போறதைப் போல நாலு மடங்குக்கும் மேல வேகத்துல சத்தம் தண்ணிக்குள்ள போகும். வாசல்ல கட்டியிருந்த ஸ்பீக்கர் குத்துப்பாட்டுக்கு எங்க நெஞ்சே அதிர்ந்துச்சு. தொட்டிக்குள்ள இருக்குற ஜீவன் என்ன பாடுபட்டிருக்கும்!

எனக்கு ஆறவே ஆறாதது ஒண்ணு இருக்கு. கோல்டு ஃபிஷ் தொட்டி. ரெண்டடிக்கு ஒண்ணரையடி இருந்தா அதிகம், அதுல எண்ண முடியாத கூட்டம். எல்லா மீனும் மேல வந்து, வாயைத் தண்ணி மட்டத்துல வெச்சுத் திறந்து திறந்து மூடுது. ஒரு அப்பா தன் பையன்கிட்ட, "பாருடா, மீனு உன்கிட்ட பேசுது"ன்றார். அந்தப் பையன் குனிஞ்சு காதை வெச்சுக் கேக்குறான். எங்க வீட்டுலயும் ஒரு தொட்டி இருக்கு, கொளத்தூர் போய் வாங்கிட்டு வந்த மீன். அந்த வாயசைவு என்னன்னு எனக்குத் தெரியும். அது மூச்சுக்குத் தவிக்குது. உள்ள இருக்குற ஏர் ஸ்டோன்ல இருந்து ஒரு குமிழி வரல, பம்ப் நின்னு போயிருக்கு. தகரக் கூரைக்குக் கீழ தண்ணி வெதுவெதுன்னு கிடக்கு. 25 டிகிரியில லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையுதுன்னா 35 டிகிரியில ஏழுதான் கரையும். ஆனா சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும். இதுல நெரிசல் வேற, அதுங்க போடுற கழிவுல இருந்து வர்ற அம்மோனியா வேற. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணியில இருக்குற ஜாதி. நல்லா வெச்சா பத்து வருஷத்துக்கு மேல வாழும்.

போய்ச் சொன்னேன். "கரண்டு மாத்தும்போது ஆஃப் ஆயிருக்கும்க்கா"ன்னான். நான் அங்கேயே நின்னேன். நாலு தடவை கேட்டதுக்கப்புறம்தான் பம்பைப் போட்டான். தொட்டி மூலையில ஏற்கெனவே ஒண்ணு செத்து ஒதுங்கிக் கிடந்துச்சு. "அது ஏம்மா தூங்குது"ன்னு கேட்டா என் பொண்ணு. அந்த 120 ரூபாய்க்கு அவ கிட்டத்துல நல்லாப் பார்த்த மீன் அதுதான்.

பேர்ப்பலகையைப் பத்திச் சொல்லியே ஆகணும். "மனிதனைத் தின்னும் பிரானா"ன்னு சிவப்பு எழுத்துல போட்டு, மண்டை ஓடு படம் வேற. உள்ள நீந்துறது பாக்கு மீன். நம்ம ஊர் மீன் மார்க்கெட்ல ஆந்திராக் குட்டையில வளர்த்து ரூப்சந்துன்னு வருமே, அதேதான். பிரானாவுக்குப் பல்லு முக்கோணமா கத்தி மாதிரி இருக்கும். பாக்குக்கு மனுஷன் கடைவாய்ப் பல்லு மாதிரி சப்பையா இருக்கும். அமேசான் பக்கம் ஆத்துல விழுற பழத்தையும் கொட்டையையும் கடிச்சுத் தின்னுற மீன் அது. உண்மையைச் சொல்லியிருந்தா, பழம் தின்னுற மீனான்னு பசங்க வாயைப் பிளந்து கேட்டிருப்பாங்க. பொய்யைச் சொல்லி பயமுறுத்தி அனுப்புறீங்க. பெரியவன் ராத்திரி லைட்டை அணைக்க விடல.

இத்தனை வெளிநாட்டு மீனுக்கு நடுவுல நம்ம மீன் ஒண்ணு கிடையாது. விரால் இல்ல, கெளுத்தி இல்ல, அயிரை இல்ல. நம்ம பசங்களுக்கு ஆத்துல மீன் பார்க்குற பாக்கியம் இல்லாமப் போச்சு. தோல் ஷாப்புக் கழிவு பாலாத்தை நாசம் பண்ணதுக்கு உச்ச நீதிமன்றம் 1996லயே தீர்ப்பு சொல்லியாச்சு, ஆறு இன்னும் ஆறா வரல. அப்ப மீனைப் பார்க்கத் தொட்டிதானே கதி? எங்க மாமனார் பள்ளிகொண்டாக்காரர். விரால் குஞ்சுங்க செக்கச்செவேல்னு பந்து மாதிரி திரண்டு மேல வரும், தாய் தகப்பன் ரெண்டும் காவலுக்குக் கூடவே சுத்தும்னு பசங்ககிட்ட கதை கதையா சொல்வார். அதைக் காட்ட ஒரு தொட்டி வையுங்களேன்!

மறுநாள் பசங்களை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு அம்மா அலுமினியத் தவலையில உயிரோட விரால் வெச்சிருந்தாங்க. "வாடா கண்ணு"ன்னு பெரியவனைக் கிட்ட உக்கார வெச்சு, ஒண்ணைக் கையால தூக்கிக் காட்டினாங்க. தண்ணியை விட்டு எடுத்தும் எப்படிம்மா உசிரோட இருக்குன்னு கேட்டான். அது நம்மளை மாதிரி காத்தையும் இழுக்கும்டான்னாங்க. சத்தியமான பேச்சு, விராலுக்கு அதுக்குன்னே தலைக்குள்ள தனி உறுப்பு இருக்கு. தவலை தரையில இருந்ததால பாப்பாவுக்கும் எல்லாம் தெரிஞ்சுது. ஒரு பைசா வாங்காம அந்தம்மா காட்டினதை, கல்லாப்பெட்டி ரொப்புறவங்களால ஏன் காட்ட முடியல?

மெட்ராஸ் மெரினாவுல 1909லேயே அரசாங்கம் மீன் காட்சியகம் திறந்து ஜனங்களுக்குக் காட்டியிருக்கு. நூறு வருஷம் தாண்டியும் நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க தகரக் கொட்டாய்ல பச்சைத் துணியைப் பார்த்துட்டு வருதுங்க.

கூட்டம் நல்லா வருதுன்னு கண்காட்சியை ஜூன் மாசமும் நீட்டிச்சிருக்காங்க. ஸ்கூல்ல இருந்து எல்லாப் பசங்களையும் வேன்ல கூட்டிட்டுப் போகப் போறாங்களாம், பெரியவன் கையில சம்மதக் கடிதம் குடுத்து விட்டிருக்காங்க. நான் கையெழுத்துப் போடல. அந்தத் தாள் பின்னாடியே எழுதி அனுப்பிட்டேன்: முதல்ல ஒரு டீச்சர் போய் அந்த ஜங்ஷன் பாக்ஸைப் பாருங்க, எல்லா ஏர் பம்பும் ஓடுதான்னு பாருங்க, பசங்க ஏறி நிக்கப் பலகை போடச் சொல்லுங்க, அப்புறம் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்க. உங்க பிள்ளைக்கும் கடிதம் வந்திருந்தா நீங்களும் இதையே எழுதி அனுப்புங்க.